தாத்தாவின் கைக்கடிகாரம் அசல்தானா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவிரிப் படுகையில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போதோ, பெரியவர் ஒருவர் காலமாகி அலமாரியை ஒழிக்கும்போதோ, வேட்டி மடிப்புக்கு அடியிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வெளிவரும். உடனே இரண்டு குரல்கள் எழும். "சுவிஸ் வாட்ச், லட்சக்கணக்கில் போகும்" என்பார் சித்தப்பா. "அதெல்லாம் பர்மா பஜார் சரக்கு" என்பார் மாமா. இருவருமே அதைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

அசலா, போலியா என்று ஒரே வீச்சில் கேட்டால் பதில் கிடைக்காது. அறுபது ஆண்டு உழைத்த கடிகாரம் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் எத்தனையோ மேசைகளில் திறந்து மூடப்பட்டிருக்கும். கண்ணாடி கீறி மாறியிருக்கும். சாவிக் குமிழ் தேய்ந்து வேறு குமிழ் ஏறியிருக்கும். பட்டை நாலைந்து முறை மாறியிருக்கும். இவையெல்லாம் பழுதுபார்த்ததன் தடங்கள். அவற்றைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். ஏதோ ஒரு மலிவு மிஷினின் மேல் பெரிய சுவிஸ் பெயரைப் புதிதாக அச்சடித்த டயலை உட்கார வைத்திருந்தால், அது வேறு கணக்கு.

ஆகவே கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள். கேஸ், அதாவது மிஷினை மூடியிருக்கும் வெளிக்கூடு, எந்தக் காலத்தது? டயல் எந்தக் காலத்தது? உள்ளிருக்கும் மிஷின் எந்தக் காலத்தது? வீட்டில் சொல்லும் கதை எந்தக் காலத்தது? நான்கும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டுக்குள் வந்து விழுந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

கை வைக்கும் முன்

தேய்க்காதீர்கள். வெள்ளிச் சாமானுக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்று பழகிய கைகள் கடிகாரத்தைக் கண்டதும் துறுதுறுக்கும். பற்பசை போட்டுக் கேஸைப் பளபளப்பாக்குவது இன்னும் மோசம். விளிம்புகளின் கூர்மை, பின்மூடியில் மெல்லிதாகப் பொறித்த எழுத்து, முலாம் தேய்ந்த இடம் எல்லாம் சாட்சியங்கள். சாட்சியைத் துடைத்துவிட்டு விசாரணை நடத்த முடியாது.

சாவியை முறுக்கிப் பார்க்க ஆசை வரும். இருபது வருடம் ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் அச்சுகள் தேயும். நாலைந்து திருப்பில் உயிர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இறுகினால் விட்டுவிடுங்கள். பின்மூடியை அரிவாள்மனை முனையாலோ பேனாக்கத்தியாலோ நெம்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை கொஞ்சம் தீவிரமானது. இருட்டில் ஒளிரும் எண்களுக்கு 1960களின் தொடக்கம் வரை ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகவில்லை. எண்களின் மேல் பழுப்பேறிய பொரிந்த பூச்சு இருந்தால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மூடிய நிலையில் பெட்டியில் கிடந்தால் ஆபத்து குறைவு. தூளாக மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. திறக்கும் மெக்கானிக்கிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கதைக்கு ஆண்டு போடுங்கள்

கடிகாரத்தைவிட அதிகம் பேசக்கூடியது வீட்டில் கிடக்கும் கல்யாண ஆல்பம். மாப்பிள்ளைக்கு வாட்ச், மோதிரம், சைக்கிள் என்று சீர் வைத்த காலம் அது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் இடது மணிக்கட்டைப் படத்தில் தேடுங்கள். பெரும்பாலும் வேண்டுமென்றே தெரியும்படி கையை வைத்திருப்பார். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் டயல் வெள்ளையா கறுப்பா, வினாடிமுள் நடுவிலா ஆறுமணி இடத்தில் தனி வட்டத்திலா, கேஸ் வட்டமா சதுரமா என்பது வரை தெரிந்துவிடும். அப்பாயி இருந்தால் அவர்களிடம், "இது கல்யாணத்துக்கு வந்ததா, பிறகு வாங்கியதா? யார் கொண்டு வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "இது ரோலெக்ஸா?" என்று கேட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்த ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

டெல்டாவில் கடிகாரம் வந்த வழிகள் சில உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை போய்வந்தது. மலேயாவில் சம்பாதித்தவர்கள் திரும்பும்போது கையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ரயில்வே வேலை இன்னொரு வழி; நாகப்பட்டினம், திருச்சி ரயில் பாதை 1860களிலேயே வந்துவிட்டதால் தலைமுறை தலைமுறையாக ரயில்வேயில் இருந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பிறகு கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாப் பணமும் வளைகுடாக் கடிகாரமும் சேர்ந்தே வந்தன. வந்த வழி தெரிந்தால் எந்தப் பெயரை எதிர்பார்க்கலாம் என்பது பாதி தெரிந்ததுபோல்தான். ரசீது இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். வெளிநாட்டுக் கடிகார இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் முறையான ரசீதோடு வந்தவை குறைவு.

இனி அந்தக் கதையை உறுதியான ஆண்டுகளோடு உரசிப் பாருங்கள். எச்எம்டி கடிகாரம் 1961இல்தான் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் பிறந்தது. 1955 கல்யாணத்துக்கு எச்எம்டி வந்திருக்க வழியில்லை. ஒமேகாவின் சீமாஸ்டர் வரிசை 1948இல் தொடங்கியது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1969 டிசம்பரில், சீக்கோ ஆஸ்ட்ரான். சாதாரண வீட்டுக்கு வர இன்னும் பல வருடம் ஆயிற்று. டைட்டன் நிறுவனம் 1984இல் தொடங்கியது. இந்தக் கட்டத்திலேயே குடும்பக் கதைகளில் கணிசமானவை ஆட்டம் காணும். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். கொள்ளுத்தாத்தாவின் கடிகாரமும் பெரியப்பாவின் கடிகாரமும் நினைவில் ஒன்றாகியிருக்கும்.

வினாடிமுள்ளும் காதும்

சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களில் பல மணிக்கு 18,000 துடிப்பு துடிப்பவை, அதாவது வினாடிக்கு ஐந்து. முள் சின்னச் சின்ன அடியாக வழுக்கிக்கொண்டு போகும். காதில் வைத்தால் சத்தம் படபடவென்று கேட்கும். வினாடிக்கு ஒரு முறை டக்கென்று தாவி நின்றால் உள்ளே குவார்ட்ஸ். தாத்தா 1958இல் வாங்கியது என்று சொல்லப்படும் கடிகாரம் அப்படித் தாவினால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

டயல்

நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது இதைத்தான். மெக்கானிக்குகள் கண்ணில் இடுக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஜன்னலோரம், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள்.

முதலில் பெயர். ஆலையில் அச்சான எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக, மை ஒரே கனத்தில் இருக்கும். மறுபடி பூசிய டயலில் எழுத்து தடித்திருக்கும், வளைவுகளில் மை குளம் கட்டியிருக்கும், இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி தவறியிருக்கும். எழுத்துப்பிழைகூடக் கிடைக்கும். அடுத்து ஓரத்து நிமிடக் கோடுகள். ஒட்டிய உலோக எண்கள் இருந்தால், ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த மணிக்கான கோடு சரியாக வந்து நிற்கிறதா என்று பன்னிரண்டையும் பாருங்கள். புதுப் பூச்சில் இரண்டு மூன்று இடத்திலாவது கோடு விலகும். தேதி தெரியும் சன்னலின் விளிம்பு சொரசொரப்பாக, பெயிண்ட் வழிந்து இருந்தால் அதுவும் அதே கைதான்.

சுவிஸ் கடிகாரமென்றால் ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடியின் வளைவு மறைக்கும் இடத்தில், பொடி எழுத்தில் 'ஸ்விஸ்' அல்லது 'ஸ்விஸ் மேட்' என்று இருக்க வேண்டும். புதுப்பிப்பவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது: இல்லாமலே போகும், அல்லது மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லின் இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் ஒளிப்பூச்சில் ட்ரிடியம் (ரேடியத்துக்குப் பதிலாக வந்த கதிரியக்கப் பொருள்) என்று பொருள். 1960களிலிருந்து 1990கள் வரையான பழக்கம். ட்ரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். ஆகவே 1970இன் கடிகாரம் இன்று ராத்திரி முழுக்கப் பச்சையாக ஜொலித்தால் மகிழ வேண்டாம், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளில் உள்ள பூச்சும் எண்ணில் உள்ள பூச்சும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் முள் மாறியிருக்கலாம்.

வயதுக்குத் தகுந்த தேய்மானம் வேண்டும். கேஸ் முழுக்கக் கீறல், டயல் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் ஆரஞ்சு, நீலம், பச்சை என்று கண்ணைப் பறித்தால் அது புதுச் சாயம். இணையத்தில் கூவி விற்கப்படும் இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. வீட்டில் வழிவழியாக வந்ததில் இந்தச் சாயம் இருந்தால், ஒரு காலத்தில் டயல் கறுத்துப்போய் யாரோ பூசக் கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். விலை குறையும்; கடிகாரம் தாத்தாவுடையதுதான். என்னைக் கேட்டால், சாயம் பூசிய அழகான டயலைவிட, நாகூர்க் காற்றில் உப்புப் பூத்து ஓரம் கறுத்த டயலுக்கே மதிப்பு அதிகம்.

பின்மூடியைத் திறக்கும் நாள்

இதை வீட்டில் செய்யாதீர்கள். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் கை பழகிய மெக்கானிக் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்தக் கடைவீதியிலும் இன்னும் ஒருவராவது இருப்பார். பேட்டரி மாற்றும் கடைக்குப் போகாமல் அவரை விசாரித்துப் போங்கள். "ஐயா, திறந்து காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்கிறேன், இன்றைக்கு சர்வீஸ் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி கொடுங்கள். கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். படம் எடுக்கும் முன் மிஷின் உங்கள் கண்ணைவிட்டு அகலக் கூடாது.

திறந்ததும் முதலில் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். அதைச் சுற்றி ஊசியால் கீறியதுபோல் மயிரிழை எழுத்துகள் தெரிகின்றனவா? ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் மெக்கானிக் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினால் மாதமும் ஆண்டும் படிக்க வரும். இரண்டு மூன்று கையெழுத்தில் இப்படிக் கீறல்கள் இருந்தால் அந்த மூடி நிஜமாகவே பல காலம் உழைத்தது. தேதி கிடைத்தால் கடிகாரம் அதற்கு முன்பே பிறந்தது உறுதி. இதைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

அடுத்து மிஷின். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரையும் எண்ணையும், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்தகட்டின் மேலேயே பொறித்திருக்கும். பெயர் தெரியாவிட்டால், ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் லென்ஸை வையுங்கள். அங்கே ஒரு குட்டி முத்திரையும் எண்ணும் ஒளிந்திருக்கும். மிஷினைத் தயாரித்த ஆலையும் அதன் ரகமும் அதுதான். சுவிஸில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வேறு ஆலைகளிலிருந்து மிஷின் வாங்கித் தங்கள் பெயரில் விற்றன. அதனால் டயலில் ஒரு பெயரும் உள்ளே ஈட்டா, ஏஎஸ், எஃப்எச்எஃப் போன்ற ஆலையின் முத்திரையும் இருப்பது தவறில்லை. ஒமேகா, லாஞ்சின்ஸ் போன்ற பெயருக்கு அடியில் பெயரில்லாத மலிவு மிஷின் இருப்பதுதான் தவறு.

டயல் சொல்வதை மிஷின் ஒப்புக்கொள்கிறதா என்று சரிபாருங்கள். டயலில் 17 ஜுவல் (தேய்மானம் குறைய அச்சுமுனைகளில் பதிக்கும் கற்கள்) என்றால் மிஷினிலும் 17 என்று இருக்க வேண்டும். 'இன்காப்ளாக்' (அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர்) என்று எழுதியிருந்தால் பேலன்ஸ் நடுவிலுள்ள சிவப்புக் கல்லைப் பிடித்தபடி யாழ் வடிவத்தில் ஒரு நுண்ணிய ஸ்பிரிங் தெரியும். 'ஆட்டோமேடிக்' என்றால் அரைவட்ட எடை ஒன்று சுழல வேண்டும். மிஷின் கேஸுக்குள் தொளதொளவென்று இருந்து பிளாஸ்டிக் வளையமோ காகிதமோ செருகி நிறுத்தியிருந்தால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

இந்தப் பக்கம் அடிக்கடி அகப்படும் பெயர்கள்

எச்எம்டி ஜனதாதான் முதலில் வரும். சாவி கொடுப்பது, 17 ஜுவல், மிஷினில் எச்எம்டி என்று பொறித்திருக்கும். விலை குறைந்த கடிகாரத்தை யார் போலி செய்வார்கள் என்ற எண்ணம் பழைய கதை. 2016இல் அரசு கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தபின் கிராக்கி ஏறிவிட்டது. எச்எம்டியின் இன்னொரு ரகமான கறுப்பு டயல் பைலட்டுக்குத் தேவை அதிகம் என்பதால், ஜனதாவின் மேல் புது பைலட் டயல் போட்டு விற்கிறார்கள்.

வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் 'சோவார் பிரைமா' பழைய மிராசு வீடுகளில் கிடைக்கும். டயலில் பம்பாய், கல்கத்தா என்று இருப்பதைப் பார்த்து உள்ளூர்ச் சரக்கு என்று ஒதுக்காதீர்கள்; சுவிஸ் கடிகாரம், இந்தியச் சந்தைக்காகவே வந்தது. சுவிஸ் நிறுவனமான ஃபாவர்-லூபாவின் சீ சீஃப், சீ கிங் இரண்டும் அதிகம் சாயம் பூசப்படுபவை. டயலில் 'ட்வின் பவர்' என்றிருந்தால் உள்ளே மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்தால் இறுகும் சுருள்) உருளை இரண்டு இருக்க வேண்டும்.

சீக்கோவில் சோதனை சுலபம். பின்மூடியில் 6309-xxxx போல இடைக்கோட்டோடு ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் மிஷினின் ரகம்; உள்ளே பொறித்ததும், டயலின் அடி ஓரத்துப் பொடி எழுத்தில் தொடங்குவதும் அதே நான்காக இருக்க வேண்டும். தனியாக உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓ, என், டி எழுத்துகள். 780123 என்றால் ஏழில் முடியும் ஆண்டின் ஆகஸ்ட். 6309 ரகம் 1970களின் நடுவிலிருந்து 1980களின் கடைசி வரை வந்ததால் அது 1977ஆக இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். எது என்பதை மாமா வளைகுடாவுக்குப் போன வருடம் முடிவு செய்யும்.

ராடோ டயாஸ்டார் 1962இல் வந்தது. கீறல் விழாத கடின உலோகம் என்பதே அதன் பெருமை. கேஸ் முழுக்கக் கீறியிருந்தால் யோசியுங்கள். ஆட்டோமேடிக் ராடோவின் டயலில் ஒரு குட்டி நங்கூரம் இருக்கும். கடிகாரத்தைச் சாய்த்தால் அது தானாகச் சுழல வேண்டும். ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது சந்தேகத்துக்குரியது.

ரோலெக்ஸ் என்று எழுதியிருந்தால் எழுதியிருப்பதை முதலில் நம்பாதீர்கள். பட்டையைக் கழற்றினால், பட்டை மாட்டும் காதுகளுக்கு நடுவே கேஸின் பக்கவாட்டில் பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும், ஆறு மணிப் பக்கம் வரிசை எண்ணும் கூர்மையாக வெட்டியிருக்கும். ரோலெக்ஸின் பழைய ஆய்ஸ்டர் வரிசையில் மிஷின் தெரியும் கண்ணாடிப் பின்மூடி கிடையாது. இருந்தால் அங்கேயே முடிந்தது. ஒமேகாவில் வரிசை எண் மிஷினின் மேல் இருக்கும். அதை வைத்துத் தயாரிப்பு ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். லாஞ்சின்ஸ் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது; வரிசை எண்ணோடும் படத்தோடும் எழுதிக் கேட்கலாம்.

பாக்கெட் கடிகாரத்தில் 'ரயில்வே ரெகுலேட்டர்' என்று அச்சடித்திருந்தால் அது விற்பனைக்காக வைத்த பெயர். ரயில்வே கொடுத்ததற்கு அதுமட்டும் ஆதாரமாகாது.

தங்கமா, முலாமா

பின்மூடியில் 10 அல்லது 20 மைக்ரான் (பூச்சின் தடிமன்) என்றிருந்தால் முலாம். சுவிஸ் 18 காரட்டில் 0,750 என்ற எண்ணும், பெண் தலை முத்திரையும் சேர்ந்திருக்கும். பட்டை மாட்டும் காதுகளின் பின்புறத்தில் வெள்ளையோ சிவப்போ எட்டிப் பார்த்தால் கேள்வியே வேண்டாம். நகைக்கடை காரட் இயந்திரம் மேல்பரப்பைத்தான் அளக்கிறது. கனமான முலாம் அதை ஏமாற்றும். உரசிப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள்.

யாரிடம் கேட்பது, எப்படி வைப்பது

வாங்க வருபவரிடம் மதிப்புக் கேட்காதீர்கள். மெக்கானிக் ஒருவர், பழைய கடிகாரம் சேகரிப்பவர் ஒருவர் என்று தொடர்பில்லாத இருவரிடம் அதே படங்களைக் காட்டுங்கள்: டயல், மூடியின் உட்புறம், மிஷின், எண்கள். இருவர் பேச்சும் ஒத்துப்போகும் இடத்தை மட்டும் நம்புங்கள். நூறு ஆண்டு கடந்த பாக்கெட் கடிகாரத்தை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். அனுப்பும் முன் விசாரியுங்கள்.

பாகம் பிரிக்கும் வீடாக இருந்தால் படங்கள் எடுத்த பிறகே பங்குப் பேச்சில் கடிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்டறிந்ததையும் எண்களையும் கல்யாணப் படத்தின் நகலையும் ஓர் உறையில் போட்டு அதனுடனே வையுங்கள். தோல் பட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள், ஐப்பசி அடைமழையில் முதலில் பூஞ்சை பிடிப்பது அதில்தான். வேதாரண்யம், நாகை போன்ற கரையோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. பொட்டலத்தை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.